ஃபைபர் வள்ளத்துல வெட்ஜ் பேங்க் போறீங்களா, திரும்பி வர்ற கணக்க முதல்ல போடுங்க

குமரிக்கு தெக்க கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் போனா வெட்ஜ் பேங்க், கலவா, விளமீன், கணவாய்னு மீனுக்கு பஞ்சமே இல்லாத கடலடி மேடு, 1976 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல நமக்குன்னு உறுதியான இடம். முன்னாடி பெரிய போட்டுக்காரங்க மட்டும் போன இடத்துக்கு இப்ப நம்ம பசங்க ஃபைபர் வள்ளத்துல ரெண்டு அவுட்போர்ட் எஞ்சின மாட்டிக்கிட்டு போறாங்க. போகாதீங்கன்னு சொல்ல வரல, நானும் போறவன்தான். ஆனா புதுசா வர்ற பசங்க போறதுக்கு மட்டும் கணக்கு போட்டுட்டு கிளம்புறத பாக்குறப்ப வயித்துல புளிய கரைக்குது, அதான் இத எழுதுறேன்.

முதல் கணக்கு எண்ணெய். 80 கிலோமீட்டர்னா கடல் மைல்ல 43, ரவுண்டா 45னு வச்சுக்கோங்க. 9 நாட் வேகத்துல, அதாவது மணிக்கு 9 கடல் மைல் போனா 5 மணி நேரம். உங்க எஞ்சின் ஒரு மணிக்கு 8 லிட்டர் குடிக்குதுன்னா போக 40, வர 40. பலபேர் 80 லிட்டரோட ஒரு 10 லிட்டர் கேன சேத்து ஏத்திட்டு கிளம்பிடுறாங்க, அது தப்பு. வர்றப்ப 2 நாட் நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எதிர்ல இருந்தா உங்க 9 நாட் 7 ஆயிடும், 5 மணி நேரம் ஆறரை மணி நேரமாகும், அதுக்கு மேல எதிர்காத்தும் இருந்தா சொல்லவே வேணாம். அதனால மொத்த எண்ணெய மூணா பிரிங்க, ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடவே கூடாது. இந்த கணக்குக்கு 120 லிட்டர் வேணும். அங்க போய் மீனு தேடி அலையுற எண்ணெய இதுக்கு மேல தனியா ஏத்தணும், அது தீந்துச்சுன்னா வலையில என்ன இருந்தாலும் மூக்க வடக்க திருப்பிடணும். மீன் நல்லா படுற நேரத்துல இத செய்யறது கஷ்டம்னு எனக்கும் தெரியும், அதனாலதான் கரையில இருக்கும்போதே வள்ளத்துல இருக்குற எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கணும்.

எண்ணெய் கேன்ல தண்ணி கலந்துருக்கும், அதையும் பாருங்க. ஒரு தடவ நடுக்கடல்ல எங்க ரெண்டு எஞ்சினும் கால் மணி நேர இடைவெளியில நின்னுச்சு, ரெண்டுக்கும் ஒரே கேன்ல இருந்து எண்ணெய், கேனுக்கு அடியில தண்ணி. ரெண்டு எஞ்சின் இருந்தும் ஒன்னு கூட இல்லாத மாதிரிதான். அன்னைக்கு மூணு மணி நேரம் மிதந்தோம், ஃபில்டர கழட்டி துடைச்சு, கார்புரேட்டர்ல இருந்த தண்ணிய வடிச்சு ஒன்ன உயிரோட கொண்டுவந்தோம். அதுக்கப்புறம் ரெண்டு எஞ்சினுக்கும் தனித்தனி டேங்க், தனித்தனி ட்யூப், ஊத்துறப்ப துணி வச்சு வடிகட்டுறது, இது மூணையும் விட்டதே இல்ல. கூடவே ஸ்பார்க் பிளக் நாலு, பிளக் ஸ்பேனர், ஷியர் பின், ஸ்டார்ட்டர் கயிறு, ஒரு ஃபில்டர் எல்லாத்தையும் தண்ணி போகாத டப்பாவுல வைங்க. மண்ணெண்ணெய்ல ஓடுற எஞ்சினா இருந்தா பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானப்புறம் மாத்தணும், நிறுத்துறதுக்கு முன்னாடி மறுபடி பெட்ரோலுக்கு வரணும், இல்லன்னா அடுத்த தடவ கயிற இழுத்து இழுத்து தோள்பட்டை போயிடும்.

அடுத்தது வானிலை. இதுல கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா ஓகி புயல் நம்ம கரையில எத்தன வீட்ட காலி பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 2017 நவம்பர் 29 காலையில இலங்கைக்கு தென்கிழக்க வெறும் தாழ்வு மண்டலமா இருந்தது, 30 காலையில குமரிக்கடல்ல புயல். ஒரே நாள். அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே தங்கு தொழிலுக்கு, அதாவது பல நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்க போனவங்களுக்கு சேதி எட்டவே வழியில்ல, சில வள்ளங்கள் லட்சத்தீவு வரைக்கும் அடிச்சுட்டு போச்சு. இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒன்னுதான், கிளம்புற நேரத்து வானிலை பத்தாது, நீங்க திரும்பி வந்து சேர்ற நேரம் வரைக்கும், அதுக்கு மேல ஒரு நாளும் சேத்து பாக்கணும். வானிலை மையத்தோட மீனவர் எச்சரிக்கையில குமரிக்கடல், மன்னார் வளைகுடான்னு கடல் பேரு போட்டு காத்து வேகம் சொல்வாங்க, ஹைதராபாத் இன்காய்ஸ்ல அலை உயரமும் நீரோட்டமும் வரும், ரெண்டையும் பாருங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தென்கிழக்க ஒரு தாழ்வு பகுதி இருக்குன்னு கேள்விப்பட்டா அது சின்னதா இருக்கும்போதே போகாதீங்க, ஒரு நாள் கூலி போனா போகட்டும்.

கடல்ல இருக்கும்போது கைல எதுவும் இல்லன்னாலும் ஒரு வழி இருக்கு. காத்துக்கு முதுக காட்டி நில்லுங்க, நம்ம பக்கத்துல தாழ்வு எப்பவும் உங்க இடது கை பக்கம் கொஞ்சம் முன்னால இருக்கும். காத்து கூடிக்கிட்டே போயி, திசை மாறாம, மேகம் தாழ இறங்குதுன்னா அது உங்கள நோக்கி வருதுன்னு வச்சுக்கிட்டு வேலைய நிறுத்துங்க. திடீர் காத்துமழை வேற, தூரத்துல கரிக்கோடு போட்ட மாதிரி மேகம் தெரியும், குளிர்ந்த காத்து முகத்துல அடிச்சா அடுத்த சில நிமிஷத்துல வந்துடும், அதுக்குள்ள வலைய வள்ளத்துக்குள்ள கட்டி, எல்லாரும் கீழ உக்காந்துடணும்.

அலை பெருசானா மொத வேலை அணியத்த, அதான் வள்ளத்தோட முன்பக்கத்த, அலைக்கு நேரா பிடிக்கறது. பக்கவாட்டுல அலை அடிச்சா ஃபைபர் வள்ளம் கவுந்துடும், அவ்வளவுதான். எஞ்சின மெதுவா வச்சு கொஞ்சம் சாய்வா ஏறி இறங்குங்க, உச்சியில இருந்து வேகமா குதிக்க விடாதீங்க. எஞ்சின் நின்னுருச்சுன்னா பழைய வலைய சுருட்டி ரெண்டு மூணு கேனோட சேத்து கட்டி அணியத்துல இருந்து நீளமான கயித்துல விடுங்க, அது தண்ணிய பிடிச்சு இழுக்கறதால வள்ளம் தானா காத்துக்கு நேரா நிக்கும். தாழ்வா இருந்து தண்ணிய மொண்டுகிட்டே இருக்க ரெண்டு வாளி வேணும், ஒன்னு கைதவறி போயிடும். எடை அதிகமாருந்தா ஐஸ முதல்ல கடல்ல தள்ளுங்க, அப்புறம் மீனு. கவுந்துட்டா நீந்தி கரைக்கு போகலாம்னு மட்டும் கிளம்பாதீங்க, வள்ளத்த விட்டு யாரும் போகக்கூடாது. மேல இருந்து தேடுறவனுக்கு வள்ளந்தான் தெரியும், தனித்தலை தெரியாது.

லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில கிடந்தா ஒரு பிரயோசனமும் இல்ல. அதே மாதிரி எஞ்சினோட சிவப்பு கயிற ஓட்டுறவன் கையில மாட்டிக்கணும், அவன் விழுந்தா எஞ்சின் நிக்கும். ராத்திரி ஓரத்துல நின்னு ஒன்னுக்கு போறப்ப தவறி விழுந்தவங்க கதை எல்லா ஊர்லயும் உண்டு, வெக்கப்படாம ஒரு டப்பா வச்சுக்கோங்க, இல்லன்னா இடுப்புல கயித்த கட்டுங்க.

குமரிக்கு தெக்க கொழும்பு போற பெரிய கப்பல் பாதையும் இருக்கு. உங்க வள்ளம் ஃபைபர், கப்பல் ராடார்ல சரியா தெரியாது, அலைக்கு நடுவுல மறைஞ்சுடும், அவன் உங்கள பாத்தாலும் நிறுத்த சில கிலோமீட்டர் ஆகும். அதனால ராத்திரி நாலா பக்கமும் தெரியிற வெள்ளை லைட்டு எரியணும், ஒரு ராடார் ரிஃப்ளெக்டர் கம்புல உயரமா கட்டணும், ஒருத்தன் எப்பவும் முழிச்சிருக்கணும். ஒரு கப்பல் வெளிச்சம் திசை மாறாம பெருசாகிட்டே வந்தா அது உங்க மேலதான் வருது, அவன் விலகுவான்னு நம்பாம நீங்க விலகுங்க.

செல்போன் டவர் கரையோரத்துக்குத்தான், வெட்ஜ் பேங்க் வரைக்கும் வராது. விஎச்எஃப் வயர்லெஸ்ல 16ஆம் சேனல் ஆபத்து சேனல், அத எப்பவும் திறந்து வைங்க. இஸ்ரோவோட ஆபத்து எச்சரிக்கை கருவி இருந்தா அத ஒரு தடவ கரையில வச்சே எப்படி அழுத்தணும்னு எல்லாருக்கும் காட்டுங்க, ஓட்டுறவன் மட்டும் தெரிஞ்சா போதாது. கடலோர காவல்படைக்கு 1554, கடலோர பாதுகாப்பு போலீசுக்கு 1093, ரெண்டையும் வள்ளத்து உள்பக்கம் பெயிண்ட்ல எழுதுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி கரையில ஒருத்தர்கிட்ட ஒரு சீட்டு குடுங்க, எங்க போறோம், யார் யாரு, எந்த ஜிபிஎஸ் பாயிண்ட், எப்ப வருவோம், எத்தன மணிக்கு மேல ஆனா சத்தம் போடணும். உங்க வீட்டு அம்மாவோ, ஊர் சங்கத்து ஆளோ யாரா இருந்தாலும் சரி, ஆனா அவங்க அந்த நேரத்துல போன எடுத்து அடிக்கற ஆளா இருக்கணும்.

ஜிபிஎஸ்ல கரைய முதல்ல மார்க் பண்ணுங்க, பேட்டரி தனியா வைங்க, கூட ஒரு திசைகாட்டியும். போன், ஸ்பீக்கர், எஞ்சின் பக்கத்துல வச்சா திசைகாட்டி தப்பா காட்டும். ஜிபிஎஸ் போச்சுன்னா வடக்க பிடிங்க, கரை வந்துடும். வடக்கு வெள்ளி, அதான் துருவ நட்சத்திரம், நம்ம ஊர்ல அடிவானத்துக்கு மேல சுமார் 8 டிகிரிதான், கைய நீட்டி முஷ்டி மடக்குனா அது ஒரு 10 டிகிரி, அதுக்கும் கீழதான் தேடணும், மூட்டமா இருந்தா தெரியாது. எஞ்சின் முழுசா செத்துப்போனா எங்க மிதந்து போவீங்கன்னும் தெரிஞ்சு வைங்க, பனிக்காலத்துல நீவாடு மேற்கே இழுக்கும், தென்மேற்கு காத்து மாசங்கள்ல கிழக்க இலங்கை பக்கம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணி கணக்குல ரெண்டு நாள் தண்ணி கூடுதலா வைங்க, கடல்தண்ணிய ஒரு வாய் கூட குடிக்காதீங்க, தாகத்த அது கூட்டும்.

கடைசியா கரையேறுறது. நடுக்கடல்ல தப்பிச்சவன் கரையலையில போயிடுவான். கள்ளக்கடல்னு சொல்றோமே, தூர தென்கடல்ல கிளம்புன அலை, காத்தே இல்லாம வரும், ஆழத்துல வள்ளம் மெதுவா ஏறி இறங்குறதால ஒன்னும் தெரியாது, கரை கிட்ட வந்து எழும்பும். 2024 மே மாசம் நம்ம மாவட்டத்துலயே லெமூர் பீச்சுல அஞ்சு மருத்துவ மாணவங்கள கொண்டுபோச்சு. முகத்துவாரத்துக்கு வெளிய கொஞ்ச நேரம் நின்னு அலைய எண்ணுங்க, பெரிய அலைங்க கூட்டமா வந்துட்டு கொஞ்சம் ஓயும், அந்த ஓய்வுல ஒரு அலையோட முதுகுல ஏறி அதே வேகத்துல வாங்க, அத முந்தவும் கூடாது, பின்னால வர்ற அலைக்கு பிடிபடவும் கூடாது. பொறுமை இல்லாம பாதியில திருப்புனவங்கதான் கவுந்தது. நிலைமை சரியில்லன்னா வேற துறைமுகத்துக்கு போங்க, அந்த மூணாவது பங்கு எண்ணெய் அதுக்கும்தான். இறங்குனதும் மீன ஏலத்துக்கு தூக்குறதுக்கு முன்னாடி சீட்டு வாங்குன ஆளுக்கு போன் அடிச்சு வந்தாச்சுன்னு சொல்லிடுங்க.