நாலடி இடத்தில் ஒரு வாசிப்பு மூலை: படிப்படியாக

வாசிப்பு மூலை என்று இணையத்தில் தேடினால் வருகிற படங்களில் கம்பளிப் போர்வை இருக்கும், புசுபுசு தலையணை இருக்கும், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். கத்திரி வெயிலில் அந்தப் போர்வைக்குள் உட்கார்ந்து பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள்! நம் ஊரில் சுகமாகப் படிக்க முதலில் வேண்டியது காற்று. அடுத்தது வெளிச்சம், அப்புறம் முதுகுக்குச் சாய்மானம். இவை மூன்றும் அமைந்துவிட்டால் சுவரில் ஒரு படம்கூட இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் தினமும் உட்காருவீர்கள். சரம் விளக்கு, செயற்கைக் கொடி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சென்னை மாதிரி ஒரு ஊரில், வாடகை அடுக்குமாடி வீட்டில், நாலடிக்கு நாலடி இடம் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். திண்ணை வைத்த சொந்த வீடு என்றால் உங்களுக்கு வேலை பாதிதான்.

1. முதலில் நேரம்

எந்த இடம் என்று யோசிக்கும் முன் எந்த நேரம் என்று யோசியுங்கள். காலைக் காபியோடு அரை மணியா, மதியம் வீடு அடங்கிய பிறகா, இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறமா? மூன்றுக்கும் ஒரே மூலை பொருந்துவது அபூர்வம். இரவில் மட்டும் படிப்பவருக்கு ஜன்னலோரம்கூடக் கட்டாயமில்லை. பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால் போதும்.

2. பிளாஸ்டிக் நாற்காலியோடு இடம் தேடுங்கள்

இந்தக் கட்டத்தில் எதையும் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியையும் ஒரு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, நீங்கள் படிக்கப்போகும் அதே நேரத்தில், மனதில் உள்ள ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம் உட்காருங்கள். குக்கர் விசில் காதைத் துளைக்கிறதா, பாத்ரூமுக்குப் போகிறவர்கள் உங்கள் காலைத் தாண்டிப் போகிறார்களா, டிவி கண்ணில் படுகிறதா என்பதெல்லாம் உட்கார்ந்தால்தான் தெரியும். டிவி கண்ணில் படும் இடத்தை உடனே விட்டுவிடுங்கள். சத்தத்தைக்கூடச் சமாளிக்கலாம், அசையும் படத்தைச் சமாளிக்க முடியாது.

பிறகு திசை. மேற்கு ஜன்னல் பார்க்க அழகு. மூன்று மணிக்கு மேல் உட்கார முடியாது. சாயங்காலம் சுவரே சுடும். வேறு வழியில்லை என்றால் பழைய பருத்திப் புடவையையோ வேட்டியையோ திரையாகத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் வரும், கூச்சம் குறையும். வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பதும் நல்ல யோசனைதான், ஆனால் புத்தகங்களை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கிழக்கு ஜன்னலில் மதியத்துக்கு மேல் நிழல் விழுந்துவிடும். கடலுக்குப் பக்கத்து ஊர்களில் அந்த நேரத்துக்குக் கடல் காற்றும் வந்துவிடும். சாயங்கால வாசிப்புக்கு என் ஓட்டு இதற்கே. ஒரு சிக்கல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் சாரல் அடிப்பதும் இந்த ஜன்னலில்தான். நாற்காலியை நகர்த்திக்கொள்ளலாம், அலமாரியை நகர்த்த முடியாது. எனவே அலமாரி ஜன்னலுக்கு நேர்கீழே வேண்டாம்.

வடக்கு ஜன்னலில் ஆண்டு முழுக்க நேர் வெயிலே வராது என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கும். நமக்கு அது முழுதாகப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் வடக்குப் பக்கம் சாய்ந்தே போகும். ஆகவே மே, ஜூன், ஜூலையில் வடக்கு ஜன்னலிலும் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும். மற்ற மாதங்களில் பகல் வாசிப்புக்கு இதைவிடச் சீரான வெளிச்சம் கிடைக்காது.

3. மின்விசிறியைக் கவனியுங்கள்

மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தால் பக்கங்கள் படபடக்கும், கண்ணும் உலரும். இறக்கைகளின் வட்டத்துக்கு ஓரடி இரண்டடி வெளியே தள்ளி உட்காருவது சரி. இன்னொன்று, விசிறி இறக்கைக்கு மேலே சீலிங்கில் பதித்த விளக்கு இருந்தால் இறக்கையின் நிழல் பக்கத்தின் மீது ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்தில் தலைவலி வரும். படிக்கும்போது அந்த விளக்கை அணைத்துவிட்டு வேறு விளக்கைப் பயன்படுத்துங்கள்.

4. இருக்கை

பீன் பேக் வாங்கலாமா என்றுதான் முதலில் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். உடம்பு புதைகிற இடமெல்லாம் வியர்க்கும், முதுகு வளையும், எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். ரெக்சின் சோபாவும் மே மாதத்தில் முதுகில் ஒட்டும்.

பின்னலுக்கு நடுவே காற்று போகும் என்பதால் பிரம்பு நாற்காலி நம் வெயிலுக்குப் பொருத்தம். துணி வைத்த சாய்வு நாற்காலி சுகம்தான், கனமில்லாத புத்தகத்துக்கு மட்டும். எண்ணூறு பக்க நாவலை அதில் படுத்தபடி தூக்கிப் பிடித்தால் கை சோர்ந்துவிடும். எந்த நாற்காலியானாலும் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். பதியாவிட்டால் முக்காலி ஒன்றைக் காலுக்குப் போடுங்கள். இடுப்பு வளைவுக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் அரை மணி உட்காருகிறவர் ஒன்றரை மணி உட்காருவார். மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் புத்தகத்தை வைத்தால் கழுத்து குனியாது. கண்ணுக்கும் பக்கத்துக்கும் பதினாலு, பதினாறு அங்குல இடைவெளி இருக்கட்டும்.

தரையில் உட்காரும் பழக்கம் இருப்பவர்கள் பணமே செலவழிக்க வேண்டாம். பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, மேலே கோரைப்பாய் விரித்து, சுவரோடு ஒரு இலவம்பஞ்சுத் திண்டு. முடிந்தது. இலவம்பஞ்சு ஸ்பாஞ்சைப் போல உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காது. ஆனால் கட்டி தட்டும். மாதம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டி எடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள்.

5. விளக்கு

இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் எல்இடி பல்பு கேட்டால் பேசாமல் 6500 கெல்வின் 'கூல் டேலைட்'டை எடுத்துத் தருவார்கள். நீலம் கலந்த வெள்ளை அது. இரவில் கண்ணுக்கு உறுத்தும். 'வார்ம் ஒயிட்', அதாவது 2700 முதல் 3000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள், அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும். பகலிலும் விளக்குப் போட்டுப் படிப்பவர் 4000 எடுக்கலாம். 9 வாட் தாராளம். வாங்கும் முன் உங்கள் விளக்கின் ஹோல்டர் பின் வைத்ததா, மரை வைத்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேசை விளக்குகளில் பெரும்பாலும் மரை வருகிறது, வீட்டு ஹோல்டரோ பின் வைத்தது.

விளக்கு தோளுக்குப் பின்னால், பக்கவாட்டில் இருக்க வேண்டும். பென்சிலால் கோடு போட்டுப் படிக்கும் பழக்கம் இருந்தால் வலக்கைக்காரர்கள் இடப்பக்கம் வையுங்கள், கை நிழல் விழாது. உட்கார்ந்த நிலையில் பல்பு கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் மூடியை இறக்குங்கள். அறை முழுக்க இருட்டு, புத்தகப் பக்கத்தின் மீது மட்டும் வெளிச்சம் என்பது படத்துக்கு அழகு, கண்ணுக்குச் சிரமம். தூரத்தில் ஒரு சின்ன விளக்கும் எரியட்டும். ஒயரை நடைபாதையில் விடாமல் சுவரோரமாக ஒட்டிவிடுங்கள்.

6. புத்தகங்களுக்கு இடம்

எல்லாப் புத்தகமும் இந்த மூலைக்கு வர வேண்டியதில்லை. படித்துக்கொண்டிருப்பது, அடுத்து படிக்க இருப்பது, அடிக்கடி புரட்டுவது, இவை போதும். வாடகை வீட்டில் சுவரில் துளை போட ஓனரிடம் பேச வேண்டியிருக்கும். ஸ்டீல் ரேக் வாங்கினால் அந்தப் பேச்சே இல்லை. தட்டின் மேல் கெட்டி அட்டை விரித்தால் புத்தக ஓரம் கிழியாது. தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெம்மி, கிரௌன் என்கிற சின்ன அச்சு அளவுகள்தான், எட்டு ஒன்பது அங்குல ஆழம் போதும். மரத்தூள் பலகை அலமாரி என்றால் தட்டின் நீளம் இரண்டரை அடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடுவில் தொய்ந்துவிடும்.

சுவரிலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளி வையுங்கள். பாத்ரூமை ஒட்டிய சுவர் வேண்டவே வேண்டாம்.

7. பூச்சியும் ஈரமும்

மழைக்காலத்தில் பேப்பர் ஈரம் இழுத்ததும் ராமபாணப் பூச்சி வந்துவிடும். அந்துருண்டை போடலாம், ஆனால் மணம் தலைக்கு ஏறும், சின்னக் குழந்தைகள் வாயில் போட்டால் ஆபத்து. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைக் காக்க வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் எல்லாமே கிடைக்கும். தட்டுக்கு ஒரு முடிச்சு வைத்து, மணம் போனதும் மாற்றுங்கள். தரைத்தள வீட்டில் ரேக்கின் காலடியில் மண் கோடு தெரிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள், தெரிந்தால் கரையான். அன்றைக்கே எல்லாப் புத்தகத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

மழை ஓய்ந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டி, விசிறிக்குக் கீழே விரித்து வையுங்கள். வெயிலில் காயவைத்தால் அட்டை வளையும், சாயம் வெளுக்கும். உலர்ந்ததும் நெருக்கி அடுக்காமல், ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக அடுக்குங்கள்.