கும்பமேளாவில் சாதுக்களைப் படம் எடுக்கப் போகிறீர்களா?

அடுத்து நாசிக்கில் 2027, உஜ்ஜயினியில் 2028. கேமராவோடு கிளம்புகிறவர்கள் நீராடும் நாளை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அன்று தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, முன்னால் இருப்பவர் தலைக்கு மேலே கையைத் தூக்கி எடுப்பதுதான் மிஞ்சும். ஓரிரு நாள் முன்னதாகவே அகாடா எனப்படும் சாதுக்களின் மடங்கள் போட்டிருக்கும் முகாம்களுக்குப் போய்விடுங்கள்.

செருப்பை வெளியே விட்டு, “ஓம் நமோ நாராயண்” என்று கும்பிட்டு, துனி என்கிற புனித நெருப்பு எரியும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். கேமரா பையிலேயே இருக்கட்டும். டீ கொடுத்தால் குடியுங்கள். அப்புறம் கேமராவைக் கையில் எடுத்துக் காட்டி, தலையசைத்துக் கேட்டாலே போதும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். தள்ளிப் போய் ஜூம் போட்டு எடுப்பது திருட்டுதான். சிலர் தட்சிணை கேட்பார்கள், பத்து இருபது ரூபாய் நோட்டுகள் சட்டைப்பையில் தனியாக இருக்கட்டும்.

சாம்பல் பூசிய முகம் வெயிலில் சட்டென்று வெளுத்துவிடும். முகத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும்படி ஸ்பாட் மீட்டரிங் வைத்து, படத்தைப் பார்த்து எக்ஸ்போஷரைச் சரிசெய்யுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் நெற்றிச் சுருக்கத்தில் சாம்பல் வெடித்த கோடுகூடத் தெரியும். 35 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதும். அந்தப் புழுதியில் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் தூசி படியும்.

படித்துறையில் குளிக்கும் பெண்கள் பக்கம் கேமரா திரும்பவே கூடாது.