சென்னை–பாங்காக் பயணம்: விடியற்காலையில் அறை, மாலை வரை செக்-அவுட், விமான நிலைய வண்டி

சென்னையிலிருந்து பாங்காக்கிற்கு நேரடியாகச் செல்லும் விமானங்களில் பல, நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு விடியற்காலையில் தரையிறங்குபவை. திரும்பி வரும் விமானங்களிலும் பல இரவில்தான் கிளம்புகின்றன. ஹோட்டல்களோ பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறை தருகின்றன. நண்பகல் 12 மணிக்குள் காலி செய்யச் சொல்கின்றன. இதனால் போகும் நாளில் ஏழெட்டு மணி நேரமும், வரும் நாளில் ஒன்பது பத்து மணி நேரமும் கையில் பெட்டியோடு, தங்குவதற்கு அறையின்றி நிற்க வேண்டியிருக்கிறது. வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு போனபோது இந்த இடைவெளி எவ்வளவு கடினமானது என்பதை நேரில் அனுபவித்தேன். அடுத்த இரண்டு பயணங்களில் அதைச் சரிசெய்யக் கற்றுக்கொண்ட முறையை, முதன்முறையாக வெளிநாடு செல்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். பாஸ்போர்ட், விசா, பயணச்சீட்டு ஆகியவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை.

முதல் படி: தேதியைச் சரியாகப் போடுதல்

என்னைத் தடுமாற வைத்த படி இதுதான் என்பதால் இதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அதிகாலை 1 மணிக்குப் புறப்படும் விமானம் என்றால், நாம் வீட்டை விட்டுக் கிளம்புவது வியாழக்கிழமை இரவு. பயணம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். தாய்லாந்து நேரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இறங்கும்போது அங்கே வெள்ளிக்கிழமை காலை 6 மணி. வெள்ளிக்கிழமை முதல் அறை எடுத்திருந்தால், அது பிற்பகலில்தான் கிடைக்கும். இறங்கியவுடன் அறை உறுதியாக வேண்டுமென்றால் வியாழக்கிழமை இரவையும் சேர்த்துப் பணம் கொடுத்து எடுக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டுதான் நானும் முந்தைய இரவிலிருந்து அறை எடுத்திருந்தேன். ஆனால் விடியற்காலையில்தான் வருவோம் என்பதை ஹோட்டலுக்குச் சொல்லவில்லை. பணம் கட்டிய இரவில் எப்போது வந்தால் என்ன என்று நினைத்துவிட்டேன். ஹோட்டல்களில் நள்ளிரவுக்குப் பின் அன்றைய கணக்கை முடிக்கும் ‘நைட் ஆடிட்’ என்ற வேலை நடக்கிறது. அதுவரை வந்து சேராதவர்களை ‘நோ-ஷோ’, அதாவது வராதவர் என்று குறித்துவிடுவார்கள். பல ஹோட்டல்களில், முதல் இரவுக்கு வராதவரின் அடுத்தடுத்த இரவுகளும் அத்தோடு ரத்தாகிவிடும். நாங்கள் காலை ஏழரை மணிக்குப் போய் நின்றபோது நான்கு இரவுகளுக்கான முன்பதிவும் இல்லாமல் போயிருந்தது. முதல் இரவின் பணமும் திரும்பவில்லை. அன்றைய விலையில் வேறு அறை எடுத்து, அது தயாராகும்வரை அம்மாவும் அப்பாவும் பிற்பகல் வரை வரவேற்பறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே முந்தைய இரவைச் சேர்த்து எடுத்தால், முன்பதிவு செய்யும் பக்கத்திலேயே ‘வந்து சேரும் நேரம்’ என்ற கட்டத்தில் ‘மறுநாள் காலை 7 மணி’ என்று குறிக்க வேண்டும். அதோடு நிறுத்தாமல் ஹோட்டலுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதி, பதிலும் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பதில் கைக்கு வரும்வரை இந்தப் படி முடிந்ததாகக் கருதாதீர்கள்.

எல்லோரும் ஓர் இரவுக் கட்டணத்தை இப்படிக் கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை. பெரியவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால் தயங்காமல் செலவிடுங்கள். தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்கே எடுத்துவிட்டு, அறை சீக்கிரம் காலியானால் தரும்படி கேட்டுக்கொண்டு, பெட்டிகளை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றப் போகலாம்.

பின்சேர்க்கை: தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே 1 முதல் இணையவழி வருகை அட்டையை நிரப்ப வேண்டும். முன்பதிவு வியாழக்கிழமை என்று இருப்பதால் அதில் எந்தத் தேதியைப் போடுவது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். விமானம் அங்கே தரையிறங்கும் தேதியைத்தான், அதாவது வெள்ளிக்கிழமையைத்தான் போட வேண்டும். அந்த அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் அல்ல.

இரண்டாம் படி: எங்கே முன்பதிவு செய்வது

நான் ஹோட்டலின் சொந்த இணையதளத்தையே பரிந்துரைக்கிறேன். பல ஹோட்டல்களின் அறைகளை விற்கும் இடைத்தளங்களில் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் அறை மாற்றம், நேர நீட்டிப்பு என்று எதைக் கேட்டாலும், இடைத்தளம் வழியாக வந்தவரிடம் ‘அங்கேயே கேளுங்கள்’ என்று ஹோட்டல் சொல்வதும், அங்கே கேட்டால் ‘ஹோட்டலின் விருப்பம்’ என்பதும் வாடிக்கையாக இருக்கிறது. இருநூறு முந்நூறு ரூபாய் வேறுபாட்டுக்காக இந்த அலைச்சலை ஏற்றுக்கொள்வது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

பெரிய ஹோட்டல் குழுமங்களின் உறுப்பினர் திட்டங்களில் சேரப் பணம் தேவையில்லை. முன்பதிவுக்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக மேரியட் பான்வாய் திட்டத்தில் ஓராண்டில் 25 இரவுகள் தங்கியவர் கோல்டு நிலையையும், 50 இரவுகள் தங்கியவர் பிளாட்டினம் நிலையையும் அடைகிறார். கோல்டு உறுப்பினருக்கு இடம் இருந்தால் பிற்பகல் 2 மணி வரையும், பிளாட்டினம் உறுப்பினருக்கு 4 மணி வரையும் செக்-அவுட் தள்ளிக் கிடைக்கும். இந்தச் சலுகைகள் நேரடியாக முன்பதிவு செய்தவர்களுக்கே உரியவை. ஆண்டுக்கு ஒரு முறை பயணம் செய்யும் நம்மைப் போன்றவர்கள் அந்த நிலைகளை எட்டப் போவதில்லை என்றாலும், சாதாரண உறுப்பினர் எண் இருந்தாலே கோரிக்கைகளைச் சற்றுக் கூடுதலாகக் கவனிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

மூன்றாம் படி: மின்னஞ்சல்

தொலைபேசியில் பேசியது அடுத்த ஷிப்டில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால் நான் எப்போதும் மின்னஞ்சலையே பயன்படுத்துகிறேன். எந்த அறை யாருக்கு என்பதைப் பெரும்பாலும் முந்தைய நாளிலோ அன்று காலையிலோதான் முடிவு செய்கிறார்கள். ஒரு மாதம் முன்பே எழுதினால் மறக்கப்படும். விமானம் ஏறும்போது எழுதினால் பயன் இருக்காது. மூன்று நாட்களுக்கு முன் எழுதுவது சரியாக இருக்கிறது.

மின்னஞ்சல் எளிய ஆங்கிலத்தில், சுருக்கமாக இருந்தால் போதும். முன்பதிவு எண், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், விமான எண், தரையிறங்கும் தேதியும் நேரமும், ஹோட்டலை அடையும் நேரம், திரும்பும் விமானத்தின் நேரம் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். அதன்பின் கோரிக்கைகளைத் தனித்தனி வரிகளாகக் கேளுங்கள். ‘தாமதமாகக் காலி செய்ய முடியுமா’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘மாலை 4 மணி வரை அறை வேண்டும், 6 மணி வரை என்றால் என்ன கட்டணம்’ என்று நேரத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால் தெளிவான பதில் வரும்.

பதிலில் சொல்லப்படும் தொகைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் கவனியுங்கள். 10 சதவீத சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைமீது 7 சதவீத வரியும் தனி என்பது அதன் பொருள். 1,000 பாட் (தாய்லாந்து நாணயம்) என்று எழுதியிருந்தால் நீங்கள் கட்டப்போவது 1,177 பாட்.

நான்காம் படி: மேம்பட்ட அறை கேட்பது

செக்-இன் மேசையில் பணிவாக, ஒரு முறை, காரணத்தோடு கேளுங்கள். ‘பெற்றோர் உடன் வந்திருக்கிறார்கள், சற்றுப் பெரிய அறையோ லிஃப்டுக்கு அருகில் ஓர் அறையோ இருக்குமா’ என்று கேட்டபோதெல்லாம் எனக்கு ஏதேனும் ஒரு நன்மை கிடைத்திருக்கிறது. இலவசமாக இல்லையென்றால், என்ன கூடுதல் கட்டணத்தில் அடுத்த வகை அறை கிடைக்கும் என்று கேட்பது நல்லது. அன்று விற்காமல் இருக்கும் அறையை, முன்பதிவின்போது காட்டிய வேறுபாட்டைவிடக் குறைவாகவே சில நேரம் தருகிறார்கள். ஏப்ரல் நடுவில் வரும் சோங்கிரான் புத்தாண்டு, டிசம்பர் கடைசி வாரம் போன்ற நெரிசலான நாட்களில் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

மேம்பட்ட அறை என்றவுடன் ஒப்புக்கொள்ளாமல், கட்டில் எத்தனை என்று கேட்டுவிடுங்கள். இரண்டு தனிக்கட்டில் கொண்ட அறையை எடுத்திருந்த ஒரு வாசகர், உயர்ந்த மாடியில் பெரிய அறை பெற்று, உள்ளே போன பிறகுதான் ஒரே கட்டில் இருப்பதைப் பார்த்ததாக எழுதியிருந்தார். அவர் எழுதிய பின்னர்தான் இதையும் இங்கே சேர்த்தேன்.

அதே மேசையில் டெபாசிட் கேட்பார்கள். கிரெடிட் கார்டையே கொடுங்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் நம் சொந்தப் பணம் அங்கே முடங்கி, விடுபட நாட்களாகும். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நிறுத்தப்பட்ட நிலையிலேயே வருகிறது. புறப்படுவதற்கு முன் வங்கிச் செயலியில் அதை இயக்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: செக்-அவுட்டைத் தள்ளிப்போடுவது

மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டிருந்தாலும், கிளம்புவதற்கு முந்தைய மாலை ரிசப்ஷனில் மீண்டும் உறுதிசெய்யுங்கள்; மறுநாள் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் இலவசமாகக் கிடைப்பது அரிதல்ல. மாலை 6 மணி வரை என்றால் பாதி நாள் கட்டணம் கேட்பது வழக்கம். ஒப்புக்கொண்டதும் அறைச் சாவி அட்டையின் நேரத்தையும் நீட்டித்துத் தரச் சொல்லுங்கள். அது மறந்துபோனால் நண்பகலுக்குப் பின் கதவு திறக்காது.

கட்டணம் அதிகமாகத் தோன்றினால், காலி செய்துவிட்டுப் பெட்டிகளை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு வெளியே போகலாம். இதற்குப் பெரும்பாலும் பணம் வாங்குவதில்லை. திரும்பி வந்ததும் உடற்பயிற்சிக் கூடத்திலோ நீச்சல் குளத்தருகிலோ உள்ள குளியலறையைப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். பாங்காக்கின் வெயிலில் நாள் முழுவதும் அலைந்துவிட்டு இரவு விமானம் ஏறுபவருக்கு அந்தக் குளியல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஆறாம் படி: விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு

பாங்காக்கில் விமான நிலையங்கள் இரண்டு. சுவர்ணபூமியின் குறியீடு பி.கே.கே.; டான் முவாங்கின் குறியீடு டி.எம்.கே. சென்னையிலிருந்து செல்லும் ஏர் ஏசியா விமானங்கள் டான் முவாங்கில் இறங்குகின்றன. இதைக் கவனிக்காமல் சுவர்ணபூமிக்கு வண்டி சொல்லிவிட்டுக் காத்திருந்த இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். வண்டி பதிவு செய்யும்போது விமான எண்ணையும் நிலையத்தின் பெயரையும் பயணச்சீட்டைப் பார்த்து எழுதுங்கள்.

சுவர்ணபூமியில் வருகைக் கூடம் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. அங்கே ‘டாக்ஸி, டாக்ஸி’ என்று அணுகுபவர்களைக் கடந்து முதல் தளத்திற்கு இறங்குங்கள். வாசலுக்கு வெளியே உள்ள இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதிலுள்ள எண்ணிட்ட தடத்தில் உங்கள் டாக்ஸி நிற்கும். பெட்டிகள் அதிகமென்றால் பெரிய வண்டிக்கான பொத்தான் தனியாக இருக்கிறது. மீட்டர் காட்டும் தொகையோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட்டும், விரைவுச் சாலையில் போனால் டோலும் நாம் தர வேண்டும். சீட்டைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருங்கள். ஹோட்டலின் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்தில் படமெடுத்து வைத்துக்கொண்டால் ஓட்டுநரிடம் விளக்க வேண்டியிருக்காது.

தனியாகச் செல்பவருக்கு ரயிலே போதும். சுவர்ணபூமியின் கீழ்த்தளத்திலிருந்து காலை 5.30 முதல் ஏர்போர்ட் ரயில் லிங்க் ஓடுகிறது. அதிகபட்சக் கட்டணம் 45 பாட், கடைசி நிலையமான பயாதைக்கு அரை மணி நேரப் பயணம். அங்கே பி.டி.எஸ். மேம்பால ரயிலுக்கும், வழியில் மக்கசனில் சுரங்க ரயிலுக்கும் மாறலாம்.

பெயர்ப்பலகையோடு காத்திருக்கும் ஹோட்டல் வண்டி, நான் விசாரித்த இடங்களில் டாக்ஸியைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை. இரவு முழுவதும் தூங்காத பெரியவர்கள் உடன் இருந்தால் அந்தப் பணத்தை நான் யோசிக்காமல் தருவேன். இலவசமாக எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், குடியேற்ற வரிசையில் தாமதமானால் யாருக்கு வாட்ஸ்அப்பில் சொல்வது என்ற இரண்டையும் முன்பே கேட்டு வையுங்கள்.

ஏழாம் படி: திரும்பும் வழி

நள்ளிரவு 12.30 மணி விமானத்திற்கு வண்டி சொல்பவர்கள் முதல் படியில் சொன்ன அதே தேதிக் குழப்பத்தில் சிக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை 0.30 என்று சீட்டில் இருந்தால், வண்டி வர வேண்டியது சனிக்கிழமை இரவு. அறையும் சனிக்கிழமை மாலை வரைதான் தேவை.

நகருக்குள்ளிருந்து கிளம்ப எனக்கு, வண்டி அழைக்கும் கிராப் செயலி பிடித்திருக்கிறது. தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் மாலை 5 முதல் 8 மணி வரை சுகும்வித் சாலையில் வண்டிகள் நகர்வதே கடினம். அந்த நேரத்தில் கிளம்ப வேண்டியிருந்தால், சுவர்ணபூமிக்குப் போகிறவர்கள் பி.டி.எஸ். ஏறிப் பயாதைக்குப் போய் ஏர்போர்ட் ரயில் லிங்க்குக்கு மாறுங்கள். நள்ளிரவு வரை ரயில் இருக்கிறது. பெரிய பெட்டிகளோடு கூட்டத்தில் ஏற முடியாதவர்கள், செக்-அவுட்டை 6 மணிக்குப் பதிலாக 4 மணியோடு முடித்துக்கொண்டு, நெரிசல் தொடங்கும் முன் கிளம்பிவிடலாம். மின்னஞ்சலில் முதலில் 4 மணியைக் கேட்கச் சொன்னது இதை மனதில் வைத்துத்தான்.