சொந்தமாக ஒரு ஜெர்மானிய மொழிக் குடும்பம்: உயிரொலிகளை மாற்றுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் தேயிலை போட்டிருப்பவர்கள் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி, "பச்ச எல வெல என்னாச்சு?" இலை எல ஆகிறது, விலை வெல ஆகிறது. ஆனால் இடியை யாரும் எடி என்பதில்லை. குடை கொடை ஆகும், குடி குடியாகவே இருக்கும். அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால்தான் முன்னால் இருக்கும் இகரமும் உகரமும் எகரமாகவும் ஒகரமாகவும் இறங்கும். ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த ஜெர்மானிய மொழிக் குடும்பத்திலும் இதே இறக்கம் உண்டு: கொம்பைக் குறித்த பழைய 'ஹுர்ன' பிறகு 'ஹோர்ன்' ஆனது. ஆக, பக்கத்து உயிர்தான் ஆட்டி வைக்கிறது என்பது நமக்குப் பழகிய சங்கதி. இதை வைத்தே கற்பனையாக ஒரு மொழிக் குடும்பத்தை உருவாக்கிப் பார்க்கலாம்.

படி 1: குடும்பத்தின் மூலமொழிக்கு இருபது சொற்களை நீங்களே உருவாக்கி எழுதுங்கள், போதும். நான் எடுத்துக்கொள்வது: ஸ்னோம் (ஓடை), ஸ்னோமி (ஓடைகள்), நூத் (குன்று).

படி 2: அதிலிருந்து பிறக்கும் இரண்டு மகள்மொழிகள். குன்னூரும் மேட்டுப்பாளையமும் மாதிரி மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் ஒரே இரண்டு விதிகள். முதல் விதி: பின்னால் இகரம் வந்தால் ஓ, ஏ ஆகும். இரண்டாம் விதி: கடைசி இகரம் உதிரும்.

மேட்டுமொழியில் இதே வரிசை. ஸ்னோமி, ஸ்னேமி ஆகி, அப்புறம் ஸ்னேம். மாற்றத்தைக் கொண்டுவந்த இகரம் போய்விட்டது. ஒருமையா பன்மையா என்பதை இனி உயிர்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தின் ஃபுட்–ஃபீட், மவுஸ்–மைஸ் எல்லாம் இப்படி வந்தவைதான்.

பள்ளத்துமொழியில் வரிசையைத் திருப்புங்கள். இகரம் முதலில் உதிர்ந்துவிடுவதால் முதல் விதிக்கு வேலையே இல்லை. ஒருமையும் ஸ்னோம், பன்மையும் ஸ்னோம். அதற்குப் புதுப் பன்மை விகுதி ஒன்று தேட வேண்டும். ஸ்னோமர் என்று வைத்தேன். விதியை மாற்றாமல் வரிசையை மட்டும் மாற்றியே இரண்டு மொழிகள் கிடைத்துவிட்டன. புதிதாகத் தொடங்குபவர்கள் விதிகளை அடுக்கிக்கொண்டே போவதற்குப் பதில் இதைச் செய்து பார்க்கலாம்.

ஓ நேரே ஏ ஆவது பிடிக்கவில்லையா? உதட்டைக் குவித்தபடியே ஏ சொல்லுங்கள். ஜெர்மன் மொழியில் அந்த ஒலி இன்னும் இருக்கிறது. ஊட்டியைச் சுற்றியுள்ள தோடர்களின் மொழியிலும் இப்படி உதடு குவித்துச் சொல்லும் உயிர்கள் உண்டு.

படி 3: மேட்டுமொழியின் நெடில்களை, நாக்கு வாயில் இன்னும் மேலே எழும்படி ஒரு படி ஏற்றுங்கள். ஏ ஈ ஆகட்டும், ஓ ஊ ஆகட்டும். ஏற இடமில்லாத ஈ ஐ ஆகவும், ஊ அவு ஆகவும் உடையட்டும். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நடந்தது இதுதான். ஸ்னோம்–ஸ்னேம் இப்போது ஸ்னூம்–ஸ்னீம்; நூத் இப்போது நவுத்.

இங்கே ஒரு சிக்கல். ஓ-வை முதலில் ஊ ஆக்கிவிட்டு அப்புறம் ஊ-வை உடைத்தால், ஸ்னோமும் ஸ்னவும் ஆகிவிடும். மேலே இருப்பதை உடைத்துவிட்டுக் கீழே இருப்பதை ஏற்றுங்கள்.

படி 4: கொஞ்சம் கலைத்துவிடுங்கள். ஆங்கில 'புக்'கின் பழைய பன்மை 'பேச்'. மற்ற சொற்களைப் பார்த்து அதுவும் 'புக்ஸ்' ஆகிவிட்டது. பல், பாதம், எலி, வாத்து போன்ற வீட்டுச் சொற்கள் சிலவற்றில்தான் பழைய உயிர்மாற்றம் தங்கியது. உங்கள் இருபதிலும் அன்றாடம் வாயில் புழங்கும் நாலைந்தை அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றுக்கு ஒரே விகுதியைப் போடுங்கள்.