கல்லடியில் மெதுவான லினக்ஸ் பிரிட்ஜ்: என் அனுபவம்

லினக்ஸ் பிரிட்ஜ் என்பது சேர்வருக்குள் இருக்கும் மெய்நிகர் கணினிகளை வலையமைப்போடு இணைக்கும் மென்பொருள் சுவிட்ச். அதைக் குறைசொல்ல முன், வலைவேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியை ஓட்டி வேகத்தைப் பாருங்கள். கிகாபிட் இணைப்பில் 940 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) அளவு வரவேணும். 94-இல் நின்றால் கம்பி இணைப்பு 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிட்டது. ஈத்டூல் என்ற கட்டளை அதைக் காட்டும். கிகாபிட்டுக்கு நாலு சோடிக் கம்பியும் வேணும். கடற்காற்றில் வலைக்கம்பியின் ஆர்ஜே45 செருகு முனைகளில் களிம்பு ஏறும். வெட்டிப் புது முனை அடித்தேன்.

அதற்குப் பிறகும் மெய்நிகர் கணினிகள் இழுபட்டன. அதே சேர்வரில் இருந்த கொன்டெய்னர் மென்பொருள் (செயலிகளைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டுவது) பிஆர்_நெட்ஃபில்டர் என்ற லினக்ஸ் கேர்னல் மொட்யூலை ஏற்றியிருந்தது. அதனால் பிரிட்ஜைக் கடக்கும் ஒவ்வொரு ஐபி பக்கெற்றும் (தரவுத் துண்டு) ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வோல் விதிகளையும் தாண்டவேண்டி வந்தது. சீபியூ அதிலேயே கரைந்தது. கேர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்-இல் பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ் மதிப்பை 0 ஆக்கியதும் வேகம் திரும்பியது. குபர்நெட்டீஸ் (பல கொன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) ஓடும் சேர்வரில் இதைத் தொடவேண்டாம், அங்கே பெரும்பாலும் 1 தேவை. மொட்யூல் ஏறுமுன் எழுதும் மதிப்பு நிற்காது. ரீபூட்டுக்குப் பின் கட்டாயம் சரிபாருங்கள்.