ரொமான்ஸ் விஷுவல் நாவல்ல ப்ளேயருக்கு கேரக்டர் மேல நெஜமாவே பாசம் வரணும்னா

விஷுவல் நாவல்னா படமும் வசனமுமா கதை ஓட, நடுநடுவுல ப்ளேயர் என்ன சொல்றது, என்ன செய்றதுன்னு தேர்வு பண்ற கேம். ரொமான்ஸ் விஷுவல் நாவல் எழுத ஆரம்பிக்கிறவங்கள்ல முக்காவாசி பேர் முதல்ல போடுறது ஒரு பாயின்ட் சிஸ்டம். நல்ல பதில் சொன்னா ஒண்ணு ஏறும், தப்பா சொன்னா ஒண்ணு எறங்கும், கடைசில பத்த தாண்டியிருந்தா ஹீரோயின் லவ்வுக்கு ஓகே சொல்லிடுவா. கோட் எழுத ஈஸிதான், ஆனா இத வச்சு யாருக்கும் யார் மேலயும் லவ் வராது. ப்ளேயர் என்ன பண்ணுவார்னா அந்தப் பொண்ணு எதக் கேட்டா சந்தோஷப்படுவாளோ அத மட்டும் தேடித்தேடி க்ளிக் பண்ணிட்டே போவார், கண்ணு முழுக்க ஸ்கோர் மேலதான் இருக்கும்.

இந்தப் பழக்கம் பழைய டேட்டிங் சிமுலேஷன் கேம்கள்லேர்ந்து வந்தது. 1994-ல கொனாமி விட்ட டோக்கிமெக்கி மெமோரியல்ல மூணு வருஷ ஸ்கூல் வாழ்க்கை, எதப் படிக்கிறது, எந்த க்ளப்ல சேர்றது, லீவு நாள்ல யார வெளிய கூப்பிடுறதுன்னு நேரத்தப் பிரிச்சுக் குடுக்கறதுதான் கேமே. ஒருத்திய ரொம்ப நாள் கண்டுக்காம விட்டா அவளுக்கு ஒரு பாம் ஐகான் வரும், அது வெடிச்சா மத்த பொண்ணுங்களுக்கும் உங்க மேல இருக்கற மதிப்பு கொறையும். அங்க நம்பருக்கு அர்த்தம் இருந்துச்சு, ஏன்னா எல்லாரையும் பாக்க நேரம் பத்தாது, ஒருத்தர்கிட்ட போனா இன்னொருத்தர விடணும், அந்த தவிப்புதான் ஆட்டம். நீங்க எழுதுறது வெறும் டெக்ஸ்டும் சாய்ஸும்னா, அந்த தவிப்ப விட்டுட்டு நம்பர மட்டும் கடன் வாங்கறீங்க.

அதுக்கு பதிலா ஞாபகத்த வைங்க. ப்ளேயர் சொன்னத, செஞ்சத, செய்யாம விட்டத அந்தக் கேரக்டர் ஞாபகம் வச்சிருக்கணும், அப்புறம் அது ப்ளேயர் எதிர்பாக்காத ஒரு எடத்துல சின்னதா வெளிய வரணும். பாசம்னு ஒண்ணு வர்றது பெரும்பாலும் இங்கதான். ஒருத்தர் நம்மள கவனிச்சிருக்கார்னு தெரியற அந்த நொடிய விட பெரிய ரொமான்ஸ் எஃபெக்ட் எந்த ஓவியராலயும் வரைய முடியாது.

ஒரு உதாரணம் வச்சுக்கிட்டே பேசலாம். நிலா ஒரு வெட்னரி க்ளினிக்ல நைட் டூட்டி டாக்டர். ப்ளேயர் அங்க புதுசா சேந்த நைட் வாட்ச்மேன். முதல் வாரத்துல சும்மா பேச்சுவாக்குல ஒரு சாய்ஸ் வருது, இந்த வேலை பிடிச்சிருக்கான்னு அவ கேக்கறா. "ம், பரவால்ல"ன்னும் சொல்லலாம், "உண்மைய சொன்னா எனக்கு இருட்டுன்னாலே பயம்"னும் சொல்லலாம். ரெண்டுக்கும் அவ ஒரே மாதிரிதான் தலையாட்டுறா, ம்யூசிக் மாறல, இதயம் பறக்கற சவுண்டு எல்லாம் இல்ல. ஆறு சீன் கழிச்சு கரண்ட் போகுது. பயம்னு சொல்லியிருந்தா, நிலா ஒண்ணும் பேசாம டார்ச்ச ஆன் பண்ணி அவன் பக்கமா திருப்பி வச்சிட்டு, தான் பாதி இருட்டுல நின்னுக்கிட்டு பூனைக்கு கட்டுப் போடறா. சொல்லலன்னா டார்ச் அவ மேஜை மேலயே இருக்கும், அவ்ளோதான். முதல் வெர்ஷன ஆடுறவருக்கு அந்த எடத்துல என்ன ஆகும்னு நான் வெளக்க வேண்டியதில்ல. ஒரே ஒரு விஷயம், அவ அத வாயால சொல்லிடக் கூடாது. "நீங்க அன்னிக்கி இருட்டுன்னா பயம்னு சொன்னீங்கல்ல, அதான்"னு ஒரு வரி சேத்தீங்கன்னா மொத்தமும் செத்துடும்.

டெக்னிக்கலா இது ஒண்ணுமே இல்ல. ரென்பை 2004-லேர்ந்து ஃப்ரீயா கெடைக்கிற எஞ்சின், அதாவது விஷுவல் நாவல் செய்யற சாஃப்ட்வேர், நெறைய பேர் அதுலதான் எழுதுறாங்க, அதுல ஒரு வேரியபிள ஆரம்பத்துல பொய்னு டிஃபால்ட் பண்ணி வச்சிட்டு, சாய்ஸ்ல உண்மைன்னு மாத்திட்டு, அப்புறம் வர்ற சீன்ல ஒரு இஃப் போட்டா முடிஞ்சுது. பாயின்ட் கூட்டுறதுக்கும் இதுக்கும் வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு ரூட்டுக்கு, அதாவது ஒரு கேரக்டரோட கதைப்பாதைக்கு, இப்படி ஆறேழு போதும், அதுக்கு மேல போனா டெஸ்ட் பண்றப்ப மண்டை காயும். எல்லாத்துக்கும் புது சீன் எழுதணும்னும் இல்ல, சில எடத்துல ஒரு வார்த்த மாறினா போதும்.

அந்த ஒரு வார்த்த எப்படின்னு பாருங்க. ஒரு ராத்திரி நிலா பாத்துக்கிட்டிருந்த வயசான நாய் செத்துப்போயிடுது. அவ மேஜைய தொடச்சுக்கிட்டிருக்கா, ஏற்கனவே சுத்தமாத்தான் இருக்கு, இருந்தும் தொடச்சுக்கிட்டே இருக்கா. ப்ளேயருக்கு மூணு சாய்ஸ்:

"உங்களால முடிஞ்சத பண்ணிட்டீங்க."

எதுவும் பேசாம இன்னொரு துணிய எடுத்து கூட தொடைக்கிறது.

"அதோட பேர் என்ன?"

மூணுமே அக்கறதான், எதுவும் தப்பான பதில் இல்ல. ஆனா மூணும் வேற வேற ஆள். ஆறுதல் சொல்ற ஆள், கூட நிக்கிற ஆள், தெரிஞ்சுக்க நெனைக்கிற ஆள். சாய்ஸ் எழுதுறப்ப இதத்தான் பாக்கணும், நல்லவன், கெட்டவன், ஊமைன்னு மூணு போட்டா ப்ளேயர் யோசிக்கவே மாட்டார், நல்லவன க்ளிக் பண்ணிட்டு போயிட்டே இருப்பார். ரெண்டு நல்லதுக்கு நடுவுல மாட்டிக்கிட்டாத்தான் அவர் கை ஒரு செகண்டு மவுஸ் மேல நிக்கும். பேர் கேட்டிருந்தா அவ "பஞ்சு"ன்னு சொல்லுவா. ரெண்டு வாரம் கழிச்சு எல்லா வெர்ஷன்லயும் ஒரு வரி வருது, "மூணாம் நம்பர் கூண்டுக்கு இன்னிக்கி புதுசா ஒண்ணு வந்திருக்கு." பேர் கேட்டவருக்கு மட்டும் அது "பஞ்சு இருந்த கூண்டுக்கு"ன்னு வரும். இவன்கிட்ட மட்டும்தான் அவளுக்கு அது நம்பர் கூண்டு கெடையாது. ரெண்டாவது தடவ ஆடி வேற சாய்ஸ் எடுத்துப் பாக்கறவர் அந்த வித்தியாசத்த பாத்துட்டார்னா போச்சு, கேம் முழுக்க மறுபடி தேட ஆரம்பிச்சிடுவார்.

ஞாபகம் வச்சுக்கறதுக்கு முதல்ல அங்க ஒரு ஆள் இருக்கணுமே. கேரக்டர் ஷீட்ல பொறந்தநாள், பிடிச்ச கலர், ரத்த வகை எல்லாம் எழுதி வைப்பாங்க, அதுல முக்காவாசி கதைக்கு உதவவே உதவாது. ப்ளேயர் அந்த கேமுக்குள்ள வரவே இல்லன்னா நிலா இந்த வருஷம் என்ன பண்ணிக்கிட்டிருப்பா, இந்த ஒரு கேள்விக்கு பதில் இருந்தா போதும். அவ பகல் ஷிஃப்ட்டுக்கு மாற ட்ரை பண்றா, ஏன்னா தங்கச்சிய பாத்துக்கணும், ஆனா பகல்ல வர்ற ஓனர்கள்கிட்ட பேசணும், அவளுக்கு மிருகங்கள்கிட்ட மட்டும்தான் பேச வரும். இப்ப அவளுக்கு ஒரு வேலை இருக்கு, ஒரு இக்கட்டு இருக்கு, ப்ளேயர் அதுக்குள்ள வந்து சேர்றார். அவளோட மொத்த வாழ்க்கையும் ஹீரோவுக்காக காத்துக்கிட்டிருக்கறதுதான்னா அவ வெறும் படம்தான். இன்னொண்ணு, வேற கேரக்டரோட ரூட்ல ப்ளேயர் இருக்கறப்பவும் நிலா அந்த ஷிஃப்ட் பிரச்சினைய பாத்துக்கிட்டுதான் இருக்கணும், ஓரமா, ரெண்டு வரில.

ஹீரோவுக்கும் இது பொருந்தும். முகமே இல்லாத, ஆசையே இல்லாத ஹீரோ இருந்தாதான் ப்ளேயர் தன்ன அங்க வச்சுப் பாப்பார்னு ஒரு நம்பிக்கை இருக்கு, எனக்கு அதுல உடன்பாடில்ல. ஏன் இவன அவ விரும்பறான்னு ஒரு காரணம் வேணாமா. இருட்டுக்கு பயந்தவன் ஏன் நைட் வாட்ச்மேன் வேலைக்கு வந்தான்? அதுக்கு ஒரு பதில் வைங்க, அத நிலா ஒரு நாள் கேக்கட்டும்.

இப்ப டெக்ஸ்ட் பாக்ஸ். நாவல் எழுதி பழகினவங்க சறுக்கற எடம் இது. விஷுவல் நாவல்ல ஒவ்வொரு க்ளிக்கும் ஒரு மூச்சு, அத எங்க விடணும்ங்கறது உங்க கைல இருக்கு. நிலா நைட் டூட்டிய விட்டு போறான்னு வச்சுக்குவோம். "எனக்கு பகல் ஷிஃப்ட் கெடச்சிருச்சு, இனிமே நாம பாக்க முடியாது, எப்படி சொல்றதுன்னு தெரியல"ன்னு ஒரே பாக்ஸ்ல கொட்டினா அது தகவல். இத இப்படி ஒடைச்சுப் பாருங்க:

"அடுத்த மாச டூட்டி சார்ட் போட்டுட்டாங்க."

"ம்."

"நைட்ல என் பேர் இல்ல."

ஒவ்வொண்ணும் ஒரு க்ளிக். மூணாவது வரி வர்றதுக்கு முன்னாடி ப்ளேயருக்கே தெரிஞ்சிடும், இருந்தும் அவரே க்ளிக் பண்ணி அத வர வைக்கணும். நாவல்லயோ படத்துலயோ இது கெடைக்காது. ஆனா கட்டாயமா மூணு செகண்டு நிக்கற மாதிரி பாஸ் போட்டு வைக்காதீங்க, ஒரு தடவ ஓகே, பத்தாவது தடவ எரிச்சல் வரும், டெக்ஸ்ட் ஸ்பீட வேகமா வச்சு படிக்கிறவங்களுக்கு கேம் ஹேங் ஆயிடுச்சோன்னு தோணும். க்ளிக்குக்கு காத்திருக்கற மாதிரி வரிய ஒடைக்கறதுதான் நல்லது.

ஸ்ப்ரைட், அதாவது திரைல நிக்கற கேரக்டரோட படம், அந்த விஷயத்துல ஒரே ஒரு பாடம்: முகம் எப்ப மாறுதுங்கறது என்ன முகம்ங்கறத விட முக்கியம். வரிக்கு முன்னாடி மாறினா அவ உணர்ந்துட்டு பேசறா, வரிக்கு அப்புறம் மாறினா பேசிட்டு உணர்றா, மாறவே இல்லன்னா மறைக்கறா. "சந்தோஷம், போயிட்டு வாங்க"ங்கற ஒரே வரிய இந்த மூணு விதமாவும் போட்டுப் பாருங்க, மூணும் மூணு கதை. வெக்கப்படற ஸ்ப்ரைட்ட மட்டும் கஞ்சத்தனமா செலவு பண்ணுங்க, ரெண்டாவது சீன்லயே கன்னம் செவந்துட்டா அப்புறம் எங்க போறது. ம்யூசிக்கும் அப்படித்தான், சோகமான பாட்டு போடுறத விட ஓடிக்கிட்டிருந்த பாட்ட நிறுத்துறது நல்லா வேலை செய்யும்.

தமிழ்ல எழுதறவங்களுக்கு ஒரு வசதி இருக்கு. நிலா இவன "நீங்க"ன்னு கூப்பிடறா. எப்ப "நீ" ஆகுதுங்கறத நீங்க திட்டம் போட்டு வைக்கலாம், அவசரத்துல ஒரு தடவ வாய் தவறி "டேய், கைய எடு, கடிச்சிரும்"னு வந்துட்டு மறுபடி "நீங்க"வுக்கே திரும்பிட்டா அந்த சீனுக்கு தனியா ரொமான்ஸ் தேவையே இல்ல. ஆனா ஸ்க்ரிப்ட்ட எடிட் பண்றப்ப இது கலைஞ்சு போயிடும், முன்னாடி சீன்ல "நீ"ன்னும் பின்னாடி சீன்ல "நீங்க"ன்னும் தெரியாம கெடக்கும், அதனால கடைசியா ஒரு தடவ இதுக்குன்னே முழுசா படிக்கணும்.

அழ வைக்கிற சீனுக்கு வருவோம். ஜப்பான்ல அழ வைக்கறதுக்குன்னே ஒரு வகை இருக்கு, நக்கிகேன்னு பேர், 1999-ல கீ கம்பெனி விட்ட கானன் அதுல ரொம்ப பேசப்பட்டது. அந்த வகையோட பார்முலா ஒண்ணும் ரகசியம் இல்ல, முதல் பாதி காமெடி, நடுவுல இதமான காதல், அப்புறம் பிரிவு, கடைசில சேர்றது. காப்பி அடிக்கிறவங்க பிரிவ மட்டும் எடுத்துக்கறாங்க, வியாதி, ஆக்ஸிடென்ட், செத்துப்போன அம்மா, எல்லாம் மூணாவது சீன்லயே. அழுகைக்கு காரணம் அந்த முதல் பாதி. அவ எதுக்கு சிரிப்பாள்னு ப்ளேயருக்கு தெரிஞ்சிருந்தாதான் அவ சிரிக்காம இருக்கறது அவருக்கு ஒறைக்கும். ஒண்ணுமே நடக்காத சீன்கள வெட்டணும்னு தோணுறப்பல்லாம் இத நெனச்சுக்கங்க, ரெண்டு பேரும் கூண்டு கழுவிக்கிட்டே வெட்டிப்பேச்சு பேசற சீன்தான் பின்னாடி சம்பளம் குடுக்கும்.

ப்ரபோசல் சீன் பத்தி நெறைய பேர் நெறைய எழுதிட்டாங்க. ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன். நிலாவுக்கு முடியாதுன்னு சொல்ற உரிமை இருக்கணும், அதுவும் ப்ளேயர் மோசமா நடந்துக்கிட்டதால மட்டும் இல்லாம, அவளோட காரணத்துக்காக. முடியாதுன்னதும் அவள வில்லியாக்கி பேட் எண்டிங் போர்டு மாட்டாதீங்க, அந்த எண்டிங்கயும் மத்தது மாதிரியே அக்கறையா எழுதுங்க. அடுத்தது, டோக்கிமெக்கி மெமோரியல் பட்டமளிப்பு நாள்ல மரத்தடில காதல சொல்றதோட முடியும், அதுக்கப்புறம் வந்த எத்தனையோ கேமும் அதே எடத்துல திரைய போட்டுடுது. நீங்க அதுக்கப்புறம் ரெண்டு மூணு சீன் எழுதுங்க. முதல் சண்ட, அதுவும் அல்ப விஷயத்துக்கு. ஒருத்தர் தூங்கிட்டிருக்கறப்ப இன்னொருத்தர் வேலைக்கு கெளம்பறது. இங்கயும் பழைய ஞாபகங்கள வேலைக்கு விடலாம், டார்ச்ச இப்ப அவன் பிடிக்கலாம்.

எல்லாம் முடிஞ்சதும் நண்பர்கள்கிட்ட குடுத்து "நல்லா இருக்கா"ன்னு கேக்காதீங்க, இருக்குன்னுதான் சொல்லுவாங்க. ஆடறப்ப பக்கத்துல உக்காந்து பேசாம பாருங்க. எந்த சாய்ஸ்ல கை நிக்குது, எந்த வரிக்கு பின்னாடி போயி மறுபடி படிக்கறாங்க, எங்க ஸ்கிப் பட்டன தேடறாங்கன்னு குறிச்சுக்கங்க. ஒரு வாரம் விட்டுட்டு, நிலாவ பத்தி உனக்கு என்ன ஞாபகம் இருக்குன்னு மட்டும் கேளுங்க. அவங்க நிலாவோட தலைமுடியயும் கண்ணையும் பத்தி பேசினா ஓவியர் நல்லா வேலை செஞ்சிருக்கார்னு அர்த்தம், உங்க வேலை பாக்கி இருக்கு. பஞ்சுவ பத்தி பேசினா அந்த சீன்ல கை வைக்காதீங்க, ஸ்கிப் தேடின எடத்துக்குப் போயி அங்கேர்ந்து வெட்ட ஆரம்பிங்க.