செயின்சா கார்புரேட்டரை காதால கேட்டு டியூன் பண்றது எப்படி? புதுசா கத்துக்கிறவங்களுக்கு

இஞ்சின் வேகத்தை அளக்கிற ஆர்பிஎம் மீட்டர் எதுவும் இல்லாமலே செயின்சாவை டியூன் பண்ணலாம், ஆனா ஸ்க்ரூ ட்ரைவரை கையில எடுக்கிறதுக்கு முன்னாடி காதுக்கு ஒரு சத்தத்தை பழக்கியே ஆகணும், அது பெட்ரோல் கொஞ்சம் அதிகமா போறப்போ வர்ற சத்தம். நிறைய இடத்துல "எங்க நல்லா கத்துதோ அங்க நிறுத்திடு"ன்னு சொல்லித் தர்றாங்க. தயவு செஞ்சு அதைக் கேக்காதீங்க. நல்லா கூர்மையா கத்துற மெஷின்தான் பெரும்பாலும் சீக்கிரம் ஜாம் ஆகும்.

காரணம் இதுதான், இது டூ ஸ்ட்ரோக் இஞ்சின், தனியா ஆயில் கிடையாது, பெட்ரோல்ல கலந்து ஊத்துற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போகுது. அப்போ பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் சேர்ந்து குறையும், சூடும் ஏறும். கொஞ்ச நேரம் சூப்பரா ஓடும், அப்புறம் சிலிண்டர்ல கோடு விழுந்து பிஸ்டன் பிடிச்சுக்கும். பெட்ரோல் அதிகமானா என்ன ஆகும்? புகை வரும், பவர் குறையும், பிளக் கறுப்பாகும், அவ்ளோதான். அதனால இந்த வேலைல எப்பவும் ரிச்சுல (பெட்ரோல் அதிகம்) ஆரம்பிச்சு லீன் (பெட்ரோல் கம்மி) பக்கம் மெதுவா வரணும், தலைகீழா பண்ணவே கூடாது.

ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடி

இதைத் தாண்டி போயிடாதீங்க, ட்யூனிங் பிரச்சனைன்னு நினைக்கிறதுல பாதி இங்கயே முடிஞ்சிடும். ஏர் ஃபில்டரை கழட்டி சுத்தம் பண்ணுங்க, அழுக்கு ஃபில்டரோட டியூன் பண்ணா நாளைக்கு ஃபில்டர் கழுவினதும் எல்லாம் லீன் ஆயிடும். சைலன்சர்ல இருக்கிற சின்ன வலை கரி அடைச்சிருக்கான்னு பாருங்க. பெட்ரோல் புதுசா இருக்கணும், மாசக்கணக்கா டேங்க்ல கிடந்தது வேண்டாம், ஆயில் உங்க மேனுவல்ல போட்டிருக்கிற அளவுல கலக்குங்க (50:1னா ஒரு லிட்டருக்கு 20 மில்லி). செயின் டைட்டும் சரியா இருக்கணும், செயின் சுத்தி ஓடுற நீளமான பாருக்கு ஆயிலும் வரணும், இல்லன்னா செயின் இழுக்கிற இழுப்புல இஞ்சின் சத்தமே மாறிடும்.

அப்புறம் பாதுகாப்பு. திறந்த வெளியில வெச்சு பண்ணுங்க. இயர்மஃப் போட்டுக்கோங்க, போட்டாலும் இந்த சத்த வித்தியாசம் நல்லாவே கேக்கும், கவலைப்படாதீங்க. பார் முனை உங்க காலுக்கோ வேற யாருக்கோ நேரா இருக்கக் கூடாது. செயின் பிரேக் போட்டுட்டு ரேஸ் பண்ணாதீங்க, கிளட்ச் எரிஞ்சிடும்.

எந்த ஸ்க்ரூ எதுக்கு

பொதுவா மூணு இருக்கும். எல் ஸ்க்ரூ ஐடிலிங்லயும் ஆக்சிலேட்டர் அமுக்க ஆரம்பிக்கிறப்பவும் போற பெட்ரோலுக்கு. எச் ஸ்க்ரூ முழு ரேஸுக்கு. மூணாவது, எல்ஏ (LA) இல்லன்னா டி (T)ன்னு போட்டிருக்கும், அது பெட்ரோலைத் தொடாது, த்ராட்டில் தகட்டை கொஞ்சம் திறந்து வெச்சு ஐடிலிங் வேகத்தை கூட்டும் குறைக்கும்.

எல்லும் எச்சும் கடிகார முள் சுத்துற பக்கம் திருப்பினா மூடும், லீன் ஆகும். எதிர்ப்பக்கம் திருப்பினா திறக்கும், ரிச் ஆகும். இதை நல்லா மனசுல ஏத்திக்கோங்க, மாத்தி திருப்பினா மெஷின் கெட்டுப்போயிடும்.

ஸ்டில் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னா ஆட்டோடியூன் மாதிரி எலக்ட்ரானிக் மெஷின்னா இந்த எல், எச் ஸ்க்ரூவே இருக்காது, அதுவே பாத்துக்கும். சில மெஷின்ல ஸ்க்ரூ மேல பிளாஸ்டிக் மூடி இருக்கும், கொஞ்ச தூரம்தான் திரும்பும், அதுக்கு மேல பலமா திருப்பாதீங்க. ஸ்க்ரூ தலை வட்டமா பல்லு பல்லா இருந்தா அதுக்குன்னு தனி ட்ரைவர் கிடைக்கும், தட்டை ட்ரைவரை வெச்சு நோண்டாதீங்க.

இனி வேலை

இஞ்சின் ஆஃப்ல இருக்கிறப்போ எல், எச் ரெண்டையும் மெதுவா மூடிப் பாருங்க, எத்தனை சுத்துல மூடுதுன்னு எண்ணி எழுதி வெச்சுக்கோங்க, குழம்பிட்டா திரும்ப அங்கயே வந்துடலாம். மூடுறப்போ லேசா முட்டினதும் நிறுத்திடணும், இறுக்கினா உள்ள இருக்கிற ஊசி முனையும் அது உக்கார்ற இடமும் கெட்டுப்போகும். அப்புறம் மேனுவல்ல சொல்ற அளவு திறங்க, நிறைய மெஷினுக்கு ஒரு சுத்து பக்கத்துல இருக்கும். ஸ்டார்ட் பண்ணி சும்மா ஐடிலிங்ல விடாம ஒரு கட்டையை அறுத்து நல்லா சூடாக்குங்க, சூடாகாத இஞ்சின்ல பண்ற ட்யூனிங் நிக்காது.

முதல்ல எல். ஐடிலிங்ல விட்டுட்டு எல் ஸ்க்ரூவை ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிப் பாருங்க, ஒரு இடத்துல ஐடிலிங் வேகம் உச்சத்துக்குப் போகும், அந்தப் பக்கம் போனாலும் இந்தப் பக்கம் போனாலும் இறங்கும். அந்த உச்சத்தைக் கண்டுபிடிச்சு அங்கிருந்து ரிச் பக்கம் அரைக்கால் சுத்து, தேவைப்பட்டா கால் சுத்து வரைக்கும் திறங்க. இப்போ ஆக்சிலேட்டரை சட்டுனு அமுக்குங்க. உடனே பாய்ஞ்சு ஏறணும். ஒரு நொடி மூச்சு முட்டி "ம்ப்ப்"னு அமுங்கினாலோ ஆஃப் ஆனாலோ லீன், இன்னும் கொஞ்சம் திறங்க. கொளகொளன்னு சோம்பலா புகையோட ஏறினா ரிச், கொஞ்சம் மூடுங்க.

அடுத்து எல்ஏ. செயின் பிரேக் எடுத்து விட்டிருக்கணும், ஐடிலிங்ல செயின் அசையவே கூடாது, ஆனா இஞ்சினும் நிக்கக் கூடாது. செட் பண்ணிட்டு மெஷினை முனை கீழ பாக்க, மேல பாக்க, பக்கவாட்டுலன்னு சாய்ச்சுப் பாருங்க, சத்தம் மாறக் கூடாது. கீழ சாய்ச்சா அமுங்கி நிக்குதுன்னா எல் தேவைக்கு மேல ரிச்சா இருக்குன்னு அர்த்தமா இருக்கலாம்.

இப்போ எச், இங்கதான் காது வேணும். எச்சை இன்னும் கால் சுத்து திறந்து வேணும்னே ரிச்சாக்கிட்டு, முழு ரேஸ் மூணு நாலு நொடி மட்டும் குடுங்க. "ப்ர்ர்ர்ப்ர்ர்ர்"னு கரகரப்பா உடைஞ்ச மாதிரி ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்குப் பேர் ஃபோர் ஸ்ட்ரோக்கிங், பெட்ரோல் அதிகமா இருக்கிறதால ஒவ்வொரு சுத்துக்கும் வெடிக்காம இடையில விட்டு விட்டு வெடிக்குது. இந்த சத்தத்தை நல்லா கேட்டு வெச்சுக்கோங்க, அவசரமே இல்ல, ரிச்சுல இருக்கிறதால கெட்டுப்போகாது. அதுக்கு எதிர் சத்தம் "ஈஈஈங்"னு பிசிறே இல்லாம விசில் மாதிரி. டேங்க்ல பெட்ரோல் தீர்ற கடைசி நேரத்துல ஐடிலிங் தானா ஏறும் இல்லையா, அது லீன் ஆகுறதாலதான்.

இனி எச்சை அரைக்கால் சுத்தா மூடி மூடி, ஒவ்வொரு தடவையும் சின்ன ரேஸ் குடுத்துக் கேளுங்க. கரகரப்பு குறைஞ்சுட்டே வரும். முழுசா போறதுக்கு முன்னாடியே நிறுத்துங்க, சும்மா ரேஸ் பண்றப்போ லேசா கரகரப்பு இருக்கணும். இப்போ கட்டையில வெச்சு முழு ரேஸ்ல அறுங்க. பல்லு மரத்தைக் கடிச்ச உடனே கரகரப்பு போய் சத்தம் சுத்தமாகணும், அறுத்துட்டே லேசா தூக்கினா திரும்ப கரகரக்கணும். இது நடந்தா டியூன் சரி. அறுக்கிறப்பவும் கரகரத்தா இன்னும் ரிச், ஒரு துளி மூடுங்க. தூக்கினப்பவும் விசில்தான்னா லீன், உடனே விட்டுட்டு திறங்க.

ஒரு எச்சரிக்கை, நிறைய மெஷின்ல வேகம் எல்லை தாண்டினா பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்கிற காயிலே அந்த ஸ்பார்க்கை வெட்டிடும், அந்த சத்தமும் கிட்டத்தட்ட கரகரப்பாவே இருக்கும், அதை நம்பி லீன்ல விட்டுடுவோம். ரிச்சுல இருந்து வந்தா இந்த ஏமாத்தம் வராது. சந்தேகம்னா எச்சை கொஞ்சம் திறங்க, சத்தம் உடனே கீழ இறங்கினா நிஜமான ஃபோர் ஸ்ட்ரோக்கிங், இறங்காம அப்படியே இருந்தா காயில் வெட்டுது, இன்னும் திறக்கணும்.

எச் மாத்தினதும் ஐடிலிங்கை ஒரு தடவை திரும்பப் பாருங்க. ரேஸ் விட்டதும் சட்டுனு இறங்காம மேலயே தொங்கி நின்னாலோ, ஸ்க்ரூவை எவ்ளோ திறந்தாலும் லீன் சத்தமே வந்தாலோ எங்கயோ காத்து உள்ள இழுக்குது, இன்டேக் ரப்பர், கிராங்க் சீல் பக்கம் பாக்கணும். ஸ்க்ரூ திருப்பியும் எதுவுமே மாறலன்னா கார்புரேட்டர் அடைச்சிருக்கும் இல்ல உள்ள இருக்கிற டயாஃபிராம்ங்கிற மெல்லிசான சவ்வு விறைச்சிருக்கும். இந்த ரெண்டு கேஸ்லயும் ட்யூனிங்கை அங்கயே நிறுத்திட்டு அதை முதல்ல சரி பண்ணுங்க.

குளிர் கூடினா காத்து அடர்த்தியாகி மெஷின் லீன் பக்கம் போகும், உயரமான மலைக்கு ஏறினா ரிச் பக்கம் போகும். மலைக்குன்னு எச்சை மூடியிருந்தா, கீழ வந்ததும் முதல் கட்டையை அறுக்கிறதுக்கு முன்னாடி திறந்துடுங்க.